தமிழ்னு நெனச்சிட்டிருந்த 41 ஃபைல்

பழைய லேப்டாப்ல இருந்து எல்லாத்தையும் காப்பி பண்ணிட்டேன்னு வீட்ல சொன்னப்போ நான் சொன்னது உண்மைதான். டாகுமெண்ட்ஸ், போட்டோ, பாட்டு, டவுன்லோட்ஸ்ல கெடந்த குப்பை வரைக்கும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்ல ஏத்தி, புது லேப்டாப்ல இறக்கி, ரெண்டு பக்கமும் ஃபோல்டர் சைஸ ஒப்பிட்டு பாத்து, ஒரு ஃபைல் கூட குறையலன்னு உறுதி பண்ணிட்டுதான் சொன்னேன். நாலு நாள் கழிச்சு அப்பாவோட பழைய ஃபைல் ஒண்ண திறந்தேன். திறந்துச்சு, எந்த எரரும் வரல. ஆனா பக்கம் முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனும் கலந்து ஏதோ ஒரு கூட்டம். ஒரு வார்த்தை கூட தமிழ் இல்ல. அடுத்த ஃபைலும் அப்படித்தான், அதுக்கு அடுத்ததும். மொத்தம் 41 ஃபைல், எல்லாமே இப்படி. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல, அதப் பத்திதான் இப்ப எழுதறேன், ஏன்னா பிரச்சனை தீந்து மாசக்கணக்குல ஆகியும் அது மனச விட்டு போகல.

சிஸ்டம் மாத்தினதுக்கு காரணம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, 11க்கு போகணும்னா டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப் மாதிரி சில விஷயம் மெஷின்ல இருக்கணும், என் மெஷின் பத்து வருஷம் பழசு. எப்படியும் புதுசு வாங்கத்தான் போறோம், அப்போ இந்த தடவை விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் போட்டு பாக்கலாம்னு ரொம்ப நாளா இருந்த ஆசைய நிறைவேத்திக்கிட்டேன். போட்டது லினக்ஸ்ல ஒரு வகையான லினக்ஸ் மின்ட். விண்டோஸ்ல பழகின கைக்கு கீழ மெனு, ஓரத்துல கடிகாரம்னு எல்லாம் எதிர்பாத்த இடத்துலயே இருக்கும், அதுக்காகவே அத எடுத்தேன்.

முதல் ரெண்டு நாள்

இன்ஸ்டால் பண்றது பத்தி நெறைய பேர் நெறைய எழுதியாச்சு, அதனால சுருக்கமா சொல்லிட்டு போறேன். ஐஎஸ்ஓங்கற இன்ஸ்டால் ஃபைல இறக்கினதும் அதோட செக்சம், அதாவது ஃபைல் கெடாம வந்துச்சான்னு காட்டற எண், சரியா இருக்கான்னு பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை, இறக்கும்போது பாதில கெட்டுப்போன ஃபைல பென்டிரைவ்ல ஏத்திட்டு இன்ஸ்டால் ஏன் நிக்குதுன்னு ஒரு சாயங்காலம் முழுக்க தலைய பிச்சிக்கறதவிட எவ்வளவோ மேல். பென்டிரைவ்ல இருந்தே லைவா ஓட்டி பாக்க முடியும், அப்பவே வைஃபை வருதா, சவுண்ட் வருதா, கேமரா, பிரிண்டர், மூடி வெச்சு திறந்தா தூங்கி எழுந்துக்குதான்னு எல்லாத்தையும் பாத்துடுங்க. ஹார்ட் டிஸ்க்ல கை வெக்கறதுக்கு முன்னாடி இவ்வளவும் தெரிஞ்சுக்க முடியறது எனக்கு பெரிய தைரியம் குடுத்துச்சு.

அப்புறம் மென்பொருள். இங்க பழக்கமே வேற. ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் ஒவ்வொரு தளமா தேடி, எது உண்மையான டவுன்லோட் பட்டன், எது விளம்பரம்னு கண்ண சுருக்கி பாத்து இறக்கற வேலை இல்ல. டிஸ்ட்ரோக்காரங்க, அதாவது அந்த லினக்ஸ் வகைய தயாரிக்கறவங்க, வெச்சிருக்கற களஞ்சியத்துல இருந்து வருது, டிஜிட்டல் கையொப்பம் சரிபாத்து வருது, அப்டேட்டும் எல்லாத்துக்கும் ஒரே இடத்துல. ஃபயர்ஃபாக்ஸும் ஆவணம் எழுதற லிப்ரே ஆபிசும் மெயிலுக்கு தண்டர்பேர்டும் கூடவே வந்துச்சு, வீடியோ பாக்க விஎல்சி, கடவுச்சொல் வெக்க கீபாஸ்எக்ஸ்சி ரெண்டையும் போட்டுக்கிட்டேன். மெயில் விஷயத்துல ஒரு நல்ல அனுபவம். பழைய தண்டர்பேர்டோட ப்ரொஃபைல் ஃபோல்டர அப்படியே தூக்கிட்டு வந்து புதுசுல காட்டினேன், பதினோரு வருஷ மெயில், ஃபில்டர், அட்ரஸ் புக் எல்லாம் வந்து உக்காந்துச்சு. வீடு மாறிப்போன எடத்துல நம்ம பழைய நாற்காலில உக்கார்ற மாதிரி இருந்துச்சு.

டைம்ஷிஃப்ட் பத்தி ஒண்ணு சொல்லியாகணும். சிஸ்டம ஏதாவது கெடுத்துட்டா நேத்து இருந்த நிலைக்கு திரும்பறதுக்கு அது அருமையான கருவி, முதல் நாளே போட்டு வெச்சுக்கோங்க. ஆனா சும்மா விட்டா அது சிஸ்டம் ஃபைல மட்டும்தான் எடுத்து வெக்கும், உங்க சொந்த ஃபைல்கள் இருக்கற ஹோம் ஃபோல்டர தொடாது. டைம்ஷிஃப்ட் இருக்குன்னு நம்பி போட்டோவையும் எழுத்தையும் பேக்கப் எடுக்காம இருந்துடாதீங்க, அதுக்கு தனியா வேற ஏற்பாடு வேணும்.

இப்படி எல்லாம் நல்லா போயிட்டிருந்துச்சு. வேகமா இருக்கு, சத்தம் இல்ல, பேட்டரி நிக்குது. அப்பதான் அந்த ஃபைல்.

செமிகோலன்கள்

அப்பா 2001ல இருந்து 2005 வரைக்கும் வீட்ல இருந்த கம்ப்யூட்டர்ல உக்காந்து எழுதினது அது. அவரு சின்ன வயசுல பாத்தது, தாத்தா சொன்ன கதைகள், கூடப்பொறந்தவங்க, வேலைக்கு சேந்த முதல் வருஷம்னு தோணினத தோணினப்போ எழுதினாரு. ராத்திரி சாப்ட்டு முடிச்சு ஒரு மணி நேரம். புத்தகமா போடணும்னெல்லாம் இல்ல, மறந்துடுவேன்னு பயமா இருக்கு அதான் எழுதறேன்னு சொல்வாரு. அந்த ஃபைல்கள் சிடில ஏறி, பென்டிரைவ்ல ஏறி, மூணு கம்ப்யூட்டர் மாறி எங்கிட்ட வந்து சேந்துச்சு. ஒவ்வொரு தடவையும் நான்தான் பத்திரமா காப்பி பண்ணேன். எடுத்து படிச்சதுதான் ரொம்ப கம்மி, அது இப்ப வலிக்குது.

அன்னைக்கு ராத்திரி என் முதல் எண்ணம் ஃபைல் கெட்டுப்போச்சுன்னுதான். ஹார்ட் டிஸ்க்ல திரும்ப பாத்தேன், அங்கயும் அப்படியே. பழைய லேப்டாப்ப திறந்து பாக்கலாம்னா அத அதுக்குள்ள துடைச்சு வேற ஒருத்தருக்கு குடுத்தாச்சு. (சிஸ்டம் மாத்தறவங்க யாரா இருந்தாலும் சரி, பழைய மெஷின ஒரு மாசமாவது அப்படியே வெச்சிருங்க. எதெல்லாம் வரலங்கறது, தேவைப்படற அன்னைக்குதான் தெரியும்.) எனக்கு அழுகையே வந்துடுச்சு. காலைல அப்பா வந்து பக்கத்துல நின்னாரு.

"என்னம்மா, முகம் ஏன் இப்படி இருக்கு?"

"அப்பா, நீங்க எழுதினது எல்லாம் போச்சுப்பா. பாருங்க, எப்படி ஆயிடுச்சு பாருங்க."

அவரு கண்ணாடிய போட்டுக்கிட்டு ஸ்க்ரீன பாத்தாரு. கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் நாற்காலிய இழுத்து போட்டு உக்காந்து, ரெண்டு கையையும் மேசை மேல வெச்சாரு, கீபோர்டு மேல இல்ல, வெறும் மரத்து மேல, கீபோர்டு அங்க இருக்கற மாதிரி. ஸ்க்ரீன்ல முதல் அஞ்சு எழுத்த பாத்து மெதுவா விரல அழுத்தினாரு. எம். ஜி. செமிகோலன். ஜி. எச். அழுத்திட்டு என்ன பாத்து, "அப்பா" அப்படின்னாரு.

எனக்கு புரியல. என்னையா கூப்பிடறாரு, என்ன சொல்றாருன்னு முழிச்சேன். "முதல் வார்த்தைம்மா. அப்பாவுக்குன்னு ஆரம்பிக்குது. எங்கப்பாவுக்கு கையெழுத்து எவ்வளவு அழகா இருக்கும்னு எழுதினேன்ல, அது." அப்புறம் மேசைய தட்டிக்கிட்டே அடுத்த வரியையும் படிச்சாரு. திக்கி திக்கித்தான், ஆனா படிச்சாரு. நான் குப்பைன்னு நெனச்ச அந்த எழுத்துக் கூட்டத்த, இருபது வருஷத்துக்கு முன்னாடி தன்னோட விரல் எந்த கீய அழுத்துச்சுங்கற ஞாபகத்த வெச்சு, ஒரு பத்தி முழுக்க படிச்சு காட்டினாரு.

ஃபைல் கெடவே இல்ல. முதல் நாள்ல இருந்து அது அப்படித்தான் இருந்திருக்கு.

உள்ள இருந்தது

அப்பா அடிச்சது பாமினிங்கற எழுத்துருல, அதாவது ஃபான்ட்ல. அந்த காலத்துல எங்க வீட்ல இருந்தது விண்டோஸ் 98. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் குடுக்கற பொதுத் தரமான யூனிகோடுல தமிழுக்கு 1991ல வந்த முதல் பதிப்புலயே இடம் இருந்துச்சுதான், ஆனா விண்டோஸ்ல தமிழ் யூனிகோடு 2000 பதிப்புலதான் வந்துச்சு, அது வீட்டு கம்ப்யூட்டர்கள்ல பரவலாகறதுக்கு இன்னும் வருஷங்கள் ஆச்சு. அதனால தமிழ்ல எழுத ஆசைப்பட்டவங்க ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. கம்ப்யூட்டருக்கு தெரிஞ்சது இங்கிலீஷ் எழுத்து, அந்த எழுத்தோட இடத்துல தமிழ் எழுத்தோட படத்த வரைஞ்சு வெச்ச எழுத்துரு. ஃபைலுக்குள்ள போறது எம்ங்கற எழுத்து, திரைல தெரியறது அ. ஜே, கே, பி, ஓ, செமிகோலன்னு அடிச்சா தமிழ்ங்கற வார்த்தை. எழுத்துரு இருக்கற வரைக்கும் அது தமிழ், எழுத்துரு இல்லாத மெஷினுக்கு போனா ஜே கே பி ஓ மட்டும்தான்.

அத செஞ்சவங்க மேல எனக்கு துளி வருத்தமும் இல்ல, நன்றிதான் இருக்கு. அவங்க இல்லன்னா அப்பா எழுதியே இருக்க மாட்டாரு. அவரு தட்டச்சு படிச்சவரு, முதல் பாடமே யளனகபக. பாமினியோட நடு வரிசையும் அதேதான், ஏ அழுத்தினா ய, எஸ் அழுத்தினா ள, டி அழுத்தினா ன. அதனாலதான் ஐம்பது வயசுக்கு மேல முதல் தடவையா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தவருக்கு முதல் ராத்திரியே கை ஓடுச்சு. இப்ப மேசை மேல கைய வெச்சு படிச்சதும் அந்த கைதான்.

நான் டாகுமெண்ட்ஸ் ஃபோல்டர காப்பி பண்ணேன், ஃபான்ட்ஸ் ஃபோல்டர காப்பி பண்ணல. நடந்தது அவ்வளவுதான். பழைய மெஷின்கள்ல யாரோ எப்பவோ பாமினிய போட்டு வெச்சிருந்ததால எல்லாம் தமிழா தெரிஞ்சுது. லிப்ரே ஆபிஸ்ல திரும்ப திறந்து பாத்தப்போ மேல எழுத்துரு பேர் காட்டற பெட்டியில பாமினின்னு சாய்ஞ்ச எழுத்துல இருந்துச்சு. இந்த எழுத்துரு மெஷின்ல இல்ல, வேற ஒண்ண போட்டு காட்டறேன்னு அதுக்கு அர்த்தம். முதல் ராத்திரியே அத கவனிச்சிருந்தா நிம்மதியா தூங்கியிருப்பேன். பாமினிய இறக்கி, ஹோம் ஃபோல்டருக்குள்ள எழுத்துருக்களுக்குன்னு இருக்கற மறைவு ஃபோல்டர்ல போட்டு லிப்ரே ஆபிஸ மூடி திறந்தேன். அஞ்சு நிமிஷத்துல 41 ஃபைலும் தமிழாயிடுச்சு.

அங்கயே நிறுத்தியிருக்கலாம், ஆனா மனசு ஒத்துக்கல. தாத்தாவோட பேர யூனிகோடுல அடிச்சு ஃபைலுக்குள்ள தேடினேன், ஒண்ணும் கெடைக்கலன்னு சொல்லுச்சு. அதே பக்கத்துல, கண்ணு முன்னாடி அந்த பேர் இருக்கு. ஒரு பத்திய காப்பி பண்ணி தம்பிக்கு மெசேஜ்ல அனுப்பினேன், அவனுக்கு போனது மறுபடி செமிகோலன் கூட்டம். படிச்சு காட்ற மென்பொருள்ட்ட குடுத்தா இங்கிலீஷ் எழுத்தா படிக்கும். இருபது வருஷமா தமிழ் எழுத்துன்னு பாதுகாத்து வெச்சது பாக்கறதுக்கு மட்டும்தான் தமிழ். அப்பாவோட கையும் பாமினியும் இல்லாத ஒரு நாள்ல, என் பொண்ணு இந்த ஃபைல திறந்தா அவளுக்கு என்ன கெடைக்கும்னு நெனச்சு பாத்தேன். அந்த நெனப்புதான் போகவே மாட்டேங்குது.

அதுக்கப்புறம் நான் பாக்கற விதம்

இதுக்கு முன்னாடி ஒரு சாஃப்ட்வேர் நல்லதான்னு கேட்டா, என்னென்ன பண்ணும், எவ்வளவு வேகம், அழகா இருக்கான்னு பாப்பேன். இப்ப நான் முதல்ல கேக்கறது வேற. நாளைக்கு இத விட்டுட்டு போகணும்னா நான் எழுதினது என்கூட வருமா? ஒரு குறிப்பு எழுதற ஆப் வெச்சிருந்தேன், பேர் வேண்டாம், ஆறு வருஷம் அதுலதான் எல்லாம். இந்த மாற்றத்துக்காக ஏற்றுமதி பண்ணி பாத்தப்போ தேதிகள் இல்ல, படங்கள் தனியா வந்துச்சு, எந்த படம் எந்த குறிப்போடதுன்னு தெரியாது. முன்னூத்தி சொச்ச குறிப்ப ரெண்டு வாரம் உக்காந்து கையால சேத்தேன். இப்ப என் குறிப்பு எல்லாம் சாதா டெக்ஸ்ட் ஃபைல், யூனிகோடோட யுடிஎஃப்-8 முறைல, ஃபோல்டர்ல கெடக்கு. எந்த எடிட்டர்லயும் திறக்கும், எந்த சிஸ்டத்துலயும் தேடலாம்.

ஆவணங்கள லிப்ரே ஆபிஸோட ஓடிடி வடிவத்துல வெக்கறேன். அந்த வடிவம் சர்வதேச தர அமைப்பான ஐஎஸ்ஓ 2006ல தரமா ஏத்துக்கிட்டது, எப்படி எழுதப்பட்டிருக்குங்கறது வெளிப்படையா இருக்கு, நாளைக்கு லிப்ரே ஆபிஸே இல்லாம போனாலும் படிக்கறதுக்கு இன்னொருத்தர் இன்னொண்ணு எழுத முடியும். கடவுச்சொற்களுக்கு கீபாஸ்எக்ஸ்சி எடுத்ததும் இதே காரணத்துக்குத்தான், அந்த ஒரே ஃபைல போன்ல வேற ஆப்லயும் திறக்க முடியுது. ஒரு மென்பொருள் இலவசமா காசாங்கறத விட இது எனக்கு பெரிய விஷயமா படுது. காசு குடுத்து வாங்கறதுலயும் கதவ திறந்து வெச்சிருக்கறவங்க இருக்காங்க, இலவசமா குடுத்துட்டு உள்ள வந்தவங்கள பூட்டி வெக்கறதும் இருக்கு.

இன்னொண்ணு, புது சிஸ்டத்துல முதல் நாள் உற்சாகத்துல முப்பது மென்பொருள் போடாதீங்க. எது இல்லாம வேலை நிக்குதோ அப்ப அத போடுங்க. நான் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் வெச்சிருக்கேன், என்ன போட்டேன், எதுக்கு போட்டேன், எந்த செட்டிங்க மாத்தினேன்னு தேதியோட ஒரு வரி. எழுத்துரு போட்டா அதுவும் அதுல ஏறும். அடுத்த தடவை மாறும்போது அந்த ஃபைல்தான் முதல்ல வரும்.

41 ஃபைல்

மாத்தற வேலைய தொடங்கினோம். இணையத்துல ஒட்டினா மாத்தி குடுக்கற பக்கங்கள் நெறைய இருக்கு, ஆனா அப்பாவோட வீட்டு விஷயங்கள எங்கயோ ஒரு பெட்டியில ஒட்ட மனசு வரல. ஓபன்-தமிழ்னு பைத்தான் நிரல் மொழில ஒரு தொகுப்பு இருக்கு, அதுல பாமினில இருந்து யூனிகோடுக்கு மாத்தறதுக்கும் வழி இருக்கு. நான் ப்ரோகிராமர் இல்ல, ஆனா பத்து வரில முடியற வேலைதான், தெரிஞ்ச தங்கச்சி ஒருத்தி உக்காந்து சொல்லி குடுத்தா, எல்லாம் என் லேப்டாப்புக்குள்ளயே நடந்துச்சு.

மாத்தறது எழுத்துக்கு எழுத்து போடற வேலை இல்லன்னு அப்பதான் புரிஞ்சுது. கொங்கற எழுத்த எடுத்துக்கோங்க. பாமினில கண்ணுக்கு தெரியற வரிசைலயே அடிக்கணும், முதல்ல ஒத்தக் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். என், எஃப், எச். யூனிகோடுல க முதல்ல, அப்புறம் கொம்பும் காலும் சேந்த ஒரே குறி. மாத்தற நிரல் இத புரிஞ்சு வரிசைய திருப்பணும், ஏதாவது ஒரு எடத்துல விட்டுப்போனா கொம்பு தனியா அந்தரத்துல தொங்கும். அதவிட பெரிய தொல்லை அப்பா நடுநடுவுல எழுதின இங்கிலீஷ் வார்த்தைகள். சாதா எழுத்தா காப்பி பண்ணா நிரலுக்கு எது இங்கிலீஷ், எது இங்கிலீஷ் வேஷத்துல இருக்கற தமிழ்னு தெரியாது, ரெண்டையும் ஒரே மாதிரி மாத்தி வெச்சிடும். மூலத்துல அந்த வார்த்தைகள் வேற எழுத்துருல இருந்ததால லிப்ரே ஆபிஸ்ல எழுத்துரு பேர வெச்சே தேடி, எல்லாத்துக்கும் மஞ்சள் அடிச்சு வெச்சுக்கிட்டு, மாத்தினதுக்கு அப்புறம் ஒவ்வொண்ணா பாத்து பாத்து போட்டேன். மூல ஃபைல்கள தொடவே இல்ல, அது பாமினி எழுத்துருவோட சேந்து தனி ஃபோல்டர்ல இருக்கு.

பிழை பாக்கறது அப்பா. அதுக்காக அவருக்கும் இந்த லேப்டாப்ல எழுத வழி பண்ணணும். நான் தமிழ்99ங்கற கீபோர்டு முறைல அடிக்கறவ, இடது கைல உயிர், வலது கைல மெய், க ரெண்டு தடவை அடிச்சா தானா புள்ளி விழுந்து க்க ஆயிடும், எனக்கு அதவிட சுகமானது ஒண்ணும் இல்ல. ஆனா அவரு கைக்கு அது அந்நியம், எழுபது தாண்டினவர மாத்திக்க சொல்றது நியாயமும் இல்ல. லினக்ஸ்ல பல மொழில அடிக்க உதவற ஐபஸ்ஸும் எம்17என் தொகுப்பும் போட்டா தமிழுக்கு ஒரு பட்டியலே வருது, தமிழ்99, ஃபொனடிக், தட்டச்சுன்னு. தட்டச்ச தேர்ந்தெடுத்து குடுத்தேன். உக்காந்தாரு, யளனகபகன்னு அடிச்சாரு, வந்துச்சு. இன்னொரு தடவை அடிச்சாரு. சில கீ பாமினில இருந்து மாறியிருந்துச்சு, அத ஒரு தாள்ல எழுதி ஸ்க்ரீனுக்கு கீழ ஒட்டிக்கிட்டாரு. மூணாவது நாள் தாள பாக்கறத நிறுத்திட்டாரு. இப்ப அவரு அடிக்கறது உள்ளயும் தமிழ்தான்.

மூணு மாசம் ஆச்சு 41ம் முடியறதுக்கு. வேகமா முடிச்சிருக்கலாம், ஆனா அவரு திருத்தறதோட நிக்காம ஒவ்வொரு எடத்துலயும் நின்னு, இது இப்படி நடக்கல, இன்னொண்ணு விட்டுப்போச்சுன்னு சேத்துக்கிட்டே வந்தாரு. ரெண்டு ஃபைல் ரெட்டிப்பா வளந்துடுச்சு. கடைசி ஃபைல் முடிஞ்ச அன்னைக்கு மொத்த ஃபோல்டரையும் வெச்சு தாத்தா பேர தேடினேன். பதினாலு ஃபைல்ல இருக்குன்னு வரிசையா வந்துச்சு. அப்பா பின்னாடி நின்னு பாத்துட்டிருந்தாரு.

"எல்லாத்துலயும் ஒரே தடவைல தேடுதா?"

"ஆமாப்பா."

"அத்தை பேர போடு."

போட்டேன். மூணு ஃபைல்தான் வந்துச்சு. நாற்காலிய இழுத்து போட்டு உக்காந்தாரு. "மூணுலதான் எழுதியிருக்கேனா அவள பத்தி" அப்படின்னுட்டு, புது ஃபைல் ஒண்ணு திறந்து குடுக்க சொன்னாரு.